சீமைக்கு ஒரு மொட்டை

கஜபதி: ஐயோ, அழுத்தித் தேய்க்காதக்கா... எரியுது.

பாஞ்சாலி: சந்தனம்டா, மெளகா இல்ல. தலைய ஆட்டாத. சீமைக்குப் போயி இஞ்சினீருக்குப் படிக்கப் போற ஆளு, ஒரு சவரக் கத்திக்கா இப்டி கத்தற?

கஜபதி: தடவிப் பாத்தா என் தலை மாதிரியே இல்ல. வேற எவனோட தலையோ மாதிரி கீது.

பாஞ்சாலி: நல்லாத்தான் கீற. திருத்தணி முருகனே மொட்டை அடிச்சுக்கினு படி எறங்கி வந்தாப்ல...

கஜபதி: போதும், போதும். ஆமா, எனக்கு மொட்டை அடிக்கறப்ப நீ எங்க போன? திரும்பித் திரும்பிப் பாத்தேன், ஆளையே காணோம்.

பாஞ்சாலி: பூ வாங்கப் போனேன்.

கஜபதி: எங்க பூ?

பாஞ்சாலி: ...சாமிக்குக் குடுத்துட்டேன்.

கஜபதி: இன்னாத்துக்கு இந்த முக்காடு? நம்ம வூட்ல யாரு முக்காடு போட்டாங்க?

பாஞ்சாலி: வெயிலுடா. இந்தக் கொளத்தாண்ட ஒதுங்க ஒரு நெழலு கீதா பாரு.

கரீமுல்லா: தம்பீ! ஜட்கா எவ்ளோ நேரம் நிக்கும்? குதிரை காலை மாத்தி மாத்தி வெக்குது. அரக்கோணம் பாசஞ்சரு போச்சுன்னா பம்பாய் மெயிலு போச்சு. மெயிலு போச்சுன்னா உன் கப்பலும் போச்சு!

பாஞ்சாலி: தோ வந்துட்டோம், கரீமுல்லா பாய்!

கஜபதி: அக்கா... கப்பல் போனா போவட்டுமே.

பாஞ்சாலி: இன்னா சொன்ன?

கஜபதி: இல்ல... சண்டை முடிஞ்சு ஒரு வருசம் ஆச்சு, இன்னும் கடல்ல குண்டு மிதக்குதாம். கப்பல் போயி அதும் மேல இடிச்சா...

பாஞ்சாலி: வாயைக் கழுவு. சர்க்காரு செலவு பண்ணி அனுப்பறான். குண்டு மேலயா கப்பலை வுடுவான்?

கஜபதி: உன் வூட்டுக்காரரு, பாவாவையும் பட்டாளத்துல சேத்து சர்க்காருதான் கப்பல் ஏத்துச்சு.

பாஞ்சாலி: அந்தச் சந்தனக் கிண்ணத்தை இப்டி நவுத்து.

கஜபதி: தப்புக்கா. சொல்லியிருக்கக் கூடாது.

பாஞ்சாலி: சொன்னா இன்னா. மலேயாவுக்குப் போறப்ப உங்க பாவாவும் சிரிச்சாரு, நானும் சிரிச்சுக்கினேதான் அனுப்புனேன். செத்தாருன்னும் சொல்லல, இருக்காருன்னும் சொல்லல. காணோம்னு சொன்னாங்க. ஆட்டைக் காணோம், மாட்டைக் காணோம்னு சொல்றாப்ல.

கஜபதி: எனக்குத் தூக்கமே வரலக்கா. கண்ணை மூடினா தண்ணி... கரையே இல்லாத தண்ணி. அங்க போயி வகுப்புல எழுந்து நின்னா வாயே தொறக்காதுன்னு பயமா கீது. குளிர்ல ஜுரம் வந்து படுத்துக்கினு தமிழ்ல முனகுனா யாருக்குப் புரியும்?

பாஞ்சாலி: முனகறதுல இன்னாடா தமிழு, தெலுங்கு? எல்லா ஊர்லயும் 'உம்'முனுதான் முனகுவாங்க.

கஜபதி: நீ கிண்டல் பண்ணு. அம்மா போனப்பகூட நீ அசையல. உனக்குப் பயமே கெடையாது.

பாஞ்சாலி: எனக்கின்னா பயம்.

கஜபதி: அப்ப ஏன் தலையை வுட்டுட்டுக் காதுக்குப் பூசற? சந்தனமெல்லாம் காதுல வழியுது பாரு.

பாஞ்சாலி: பசி மயக்கம்.

கஜபதி: அக்கா, ஒண்ணு கேக்கறேன். இந்த மொட்டையை எப்ப வேண்டிக்கின?

பாஞ்சாலி: சின்னதுல உனக்கு அம்மை போட்டுச்சே, அப்ப.

கஜபதி: காலையில குருக்களாண்ட வேற சொன்னியே? சீமையில படிக்க எடம் கெடைக்கணும்னு வேண்டிக்கினேன்னு?

பாஞ்சாலி: அது... ரெண்டுக்கும்தான்.

கஜபதி: ரெண்டு வேண்டுதலுக்கு ஒரே தலையா?

பாஞ்சாலி: நோண்டி நோண்டிக் கேக்காதடா!

கஜபதி: என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

பாஞ்சாலி: ...வேண்டுதலே இல்ல.

கஜபதி: அக்கா!

பாஞ்சாலி: ஆங், பொய்தான். சாமி பேர்ல பொய் சொன்னேன். உன் பாஸ்போர்ட்டுல போட்டோ கீதே, சுருட்டை முடியோட... மூஞ்சி வேற, போட்டோ வேறன்னு தெரிஞ்சா பம்பாய்லயே திருப்பி அனுப்பிடுவாங்கன்னு பக்கத்து வூட்டு ஆதிகேசவன் சொன்னாரு. அனுப்பட்டும்னு நெனச்சேன். வாயால போ போன்னு சொல்லிக்கினே... முடியலடா. இன்னொருத்தனையும் கடல்ல வுட்டுட்டு, காணோம்னு எவனாவது வந்து வாசல்ல நின்னா...

கஜபதி: அழாதக்கா. ஏய்...

பாஞ்சாலி: நீ எதுக்குடா சிரிக்கற?

கஜபதி: தலை வாராம தெருவுல எறங்காதவன் நான். மொட்டைன்னு நீ சொன்னதும் ஒரு வார்த்தை எதுத்துப் பேசினேனா? போயி கம்முனு குந்திக்கினேன் இல்ல, ஏன்?

பாஞ்சாலி: அடப்பாவி... நீயுமா?

கஜபதி: நானும்தான். அவங்களே திருப்பி அனுப்பிட்டா எவனும் என்னை பயந்தாங்கொள்ளின்னு சொல்ல முடியாது பாரு. பழி மொட்டை மேல போயிடும்.

பாஞ்சாலி: ஐயோ, நெசமாவே திருப்பி அனுப்பிட்டா இன்னாடா பண்றது?

கஜபதி: அதானே உனக்கு வேணும்?

பாஞ்சாலி: இப்ப வேணாம்.

கஜபதி: எப்ப மனசு மாறுச்சு?

பாஞ்சாலி: பூ வாங்கப் போனப்ப.

கஜபதி: அனுப்ப மாட்டாங்க, பயப்படாத. பாதித் தலை செரைச்சப்பதான் எனக்கே ஞாபகம் வந்துச்சு. பாஸ்போர்ட்டுல அடையாளம்னு ஒண்ணு எழுதிகீறாங்க. இடது புருவத்துல தழும்பு.

பாஞ்சாலி: ...உன்னை இடுப்புல தூக்கிக்கினு மலைப்படியில வழுக்கி வுழுந்தேனே, அதுவா?

கஜபதி: அதேதான். புருவத்தையும் செரைக்கச் சொல்லலாமான்னு பாத்தேன். பாதி மொட்டையோட எழுந்து ஓடவும் முடியல.

கரீமுல்லா: யம்மாடி! அழுவறது, சிரிக்கறது எல்லாம் வண்டியில குந்திக்கினு பண்ணலாம்ல?

கஜபதி: வா, போலாம்.

பாஞ்சாலி: பயம் போயிடுச்சா?

கஜபதி: எங்க போவும்? அதுவும் என்கூடத்தான் கப்பல் ஏறப் போவுது. ஆனா நான் ஒருத்தன்தான் கோழைன்னு வெக்கமா இருந்துச்சு பாரு, அது போச்சு. உனக்கும் இவ்ளோ பயம்னு தெரிஞ்ச பொறவு நான் போயி திரும்பி வந்தாத்தான் சரியாவும். வாராவாரம் கடுதாசி போடறேன். காணோம்னு எவனும் சொல்ல வுட மாட்டேன்.

பாஞ்சாலி: போடலன்னா நானே வந்து ஒதைப்பேன்... அரக்கோணத்துல நீ ஏறுன பொறவு மெயிலு திரும்ப நம்ம ஊர் வழியாத்தான் போவும். நிக்காது. ரயில்வே கேட்டாண்ட நிக்கறேன், ஜன்னலாண்ட குந்திக்கோ.

கஜபதி: ஓடற ரயில்லேந்து கூட்டத்துல உன்னை எப்டித் தெரியும்?

பாஞ்சாலி: தெரியும்.

கஜபதி: பாய், ஒரு நிமிசம்! பூக்காரம்மா, ஒரு மொழம் மல்லி குடு... இந்தாக்கா. முக்காட்டை எடு, வெச்சுக்கோ.

பாஞ்சாலி: வேணாம்டா. கையில குடு.

கஜபதி: காலையில எம்மாம் பெரிய கொண்டை போட்டிருந்த! அதுல பூவைப் பாத்துட்டுப் போறேன். எடுன்னா...

பாஞ்சாலி: பூ வெக்க முடி வேணுமேடா. சாமி பேர்ல பொய் சொல்லி உன்னை அங்க குந்த வெச்சுட்டு வந்தேன், நெஞ்சு தாங்கல. உன் முடி என் பொய்க்குப் போச்சு. நீ படிச்சு முடிச்சு முழுசா திரும்பி வரணும்னு, பொம்பளைங்க பக்கம் போயி என் முடியைக் குடுத்துட்டேன். இது நெச வேண்டுதல். புருசன் இருக்கானா இல்லியான்னு தெரியாதவ மொட்டை அடிச்சா ஊரு இன்னா வேணா பேசும், பேசட்டும். கேட்டாண்ட முக்காடு இல்லாமதான் நிப்பேன். மொட்டைத் தலையோட ஒருத்தி தெரிஞ்சா அது உங்க அக்கா... கை ஆட்டுடா.