ஸ்டாண்டு இல்லாத சைக்கிள்

— இந்த சைக்கிள நான் ரிஜெக்ட் பண்ணுதேன், கோதண்டம். ஷார்ட் சப்ளை. ஸ்டாண்டு இல்ல, கேரியர் இல்ல, மட்கார்டு இல்ல, ஒரு பெல்லு கூட இல்ல. உம்ம கடைக்குப் பாதி சைக்கிள்தான் வந்திருக்கு.

— சண்முகசுந்தரம் சார், இது ரோடு பைக்கு. இதுல இன்னா இன்னா இல்லியோ அதுக்குத்தான் துட்டே.

— நான் கம்பெனியில குவாலிட்டி இன்சார்ஜ் ஓய். என் கண்ண மறைச்சு ஒரு நட்டு வெளிய போவாது. ஸ்டாண்டு இல்லாம இது எப்படி நிக்கும்?

— செவுத்துல சாச்சி வெக்கணும் சார்.

— ஏங்க, மண்ணூர் வீட்டுல காலண்டர் மாட்டவே வீட்டுக்கார செல்லம்மாக்கா விடமாட்டேங்காக. வாடகைச் செவுத்துல சைக்கிளச் சாய்க்கப் போறீகளாக்கும்?

— செல்வி, நீ சும்மா இரு. டெக்னிக்கலா பேசிட்டு இருக்கோம்லா? ஆமா கோதண்டம், ஹேண்டில்பார் ஏன் கெடாக் கொம்பு மாதிரி கீழ வளைஞ்சு கெடக்கு? லாரியில வரும்போது அடிபட்டிருச்சா?

— ஐய, அது அப்டித்தான் சார். குனிஞ்சிக்கினு ஓட்டணும். காத்து முதுவு மேல போய்டும்.

— தெரியும், தெரியும். உமக்குத் தெரியுதான்னு செக் பண்ணுதேன். டயராவது புதுசுதானா?

— இன்னா சார், இப்டி கேட்டுட்டீங்கோ?

— இங்க பாரு செல்வி, கத்துக்கோ. புது டயர்னா இப்படிச் சின்னச் சின்னதா ரப்பர் முடி நீட்டிக்கிட்டு இருக்கும். கொஞ்ச தூரம் ஓட்டுனா அம்புட்டும் தேஞ்சு போவும். இதான் புதுசுக்கு அத்தாட்சி.

— அப்ப அந்த மூலையில தொங்குதே கறுப்பு சைக்கிளு, அதுவும் புதுசாண்ணே? அதுலயும் முடி இருக்கே.

— அது சர்வீஸுக்கு வந்துகீதும்மா. சார் கம்பெனி ஜி.எம்.மோடது.

— கைய எடு செல்வி! தொடாத! ஜி.எம். ரெண்டு வருஷமா ஓட்டுத சைக்கிள் அது. எங்க கம்பெனி சைக்கிள் கிளப்பையே ஆரம்பிச்சது அவருதான். ஞாயித்துக்கிழமை ஆனா ஒரகடத்துல இருந்து வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு ரைடு. கேன்டீன் போர்டுல வாராவாரம் போட்டோ ஒட்டுதாக.

— ரெண்டு வருஷம் ஓட்டியுமா முடி தேயல?

— அதுக்குப் பேருதான் மெயின்டெனன்ஸ்! அவரு கிட்ட வேல பாத்தாத்தான் அதெல்லாம் புரியும்.

— அந்த மெயின்டெனன்ஸ தலைக்கும் பாத்திருக்கலாம்லா? ஆயுத பூஜைக்கு வந்தப்ப பாத்தேன், ஒத்த முடி இல்ல மனுசனுக்கு.

— தங்கச்சி, ஷோக்கா சொன்னம்மா!

— சிரிக்காதீரும் கோதண்டம். இந்த ஞாயித்துக்கிழமை ரைடுக்கு என்னையும் வரச் சொல்லியிருக்காரு. அது என்னா சாதாரணமா? ஸ்டோர்ஸ்ல இருந்த இளம்பரிதி போன வருஷம் கிளப்புல சேந்தான். ஜி.எம். பக்கத்துலயே எல்லா போட்டோவுலயும் நிக்கான். இன்னைக்கு அசிஸ்டன்ட் மேனேஜரு, கண்ணாடிக் கதவு போட்ட கேபினு. அதுக்கு அடுத்த கேபின் காலியா கெடக்கு. புரியுதா?

— புர்து சார். அப்ப சனிக்கெழமையே வண்டிய எட்த்துக்கோங்கோ. ஞாயித்துக்கெழமை காலைல கடை லீவு. நம்ம குட்டியானை மினி லாரிக்கு வாராவாரம் ஒரு லோடு கீது.

— சரி, பில் போடும். கேரியர் மட்டும் ஒண்ணு மாட்டிக் குடுத்திரும்.

— ரோடு பைக்ல கேரியரா! கெளப்பு ஆளுங்கோ பாத்தா மானம் போய்டும் சார். கேரியரு இன்னாத்துக்கு?

— நான் சொல்லுதேன்ணே. சைக்கிள்ல இவுகளுக்குத் தெரிஞ்ச ஒரே சீட்டு அதான்.

— ஏட்டி!

— கூடப் படிச்ச ஐயனாரண்ணன் மிதிக்க, பின்னால கேரியர்ல உக்காந்தே பாலிடெக்னிக் முடிச்சவுக. இன்னைக்கு வரைக்கும் பெடல்ல கால் வச்சதில்ல.

— அய்யே! சாருக்கு ஓட்டவே தெரியாதா?

— தியரி தெரியும்.

— அப்ப ஜி.எம். கைல இன்னா சொன்னீங்கோ?

— மீட்டிங்ல வச்சு, சைக்கிள் ஓட்டுவீங்களா சண்முகம்னு கேட்டாரு. எல்லாவனும் என் மூஞ்சியவே பாக்கான். டெய்லி சார்னு வாயில வந்துட்டு. இப்ப நான் போய் விழுந்தா கேபினும் போச்சு, இருக்க மரியாதையும் போச்சு.

— ஃபீல் பண்ணாதீங்கோ சார். கடை பின்னாலயே பிளாட் போட்ட எடம் கீது. ரோடு மட்டும் போட்டு கல்லு நட்டுட்டாங்கோ, ஒரு வூடும் வர்ல. அங்க வுழுந்தாலும் கேக்க ஆளில்ல. வாங்கோ, தள்ளிக்கினு போலாம்.

— யாரு ஓய் கத்துக் குடுப்பா?

— நாந்தான். பிளஸ் ஒன்னுல கவர்மென்ட் சைக்கிள் வாங்குனவ நான். முன்னால தங்கச்சி, பின்னால தண்ணிக் குடம்னு ஓட்டியிருக்கேன். உங்க ஒருத்தரத் தள்ளிவிட முடியாதா?

— ஹெல்மெட் வேணும், கிளவுஸ் வேணும். சேஃப்டி ஃபர்ஸ்ட்.

— எல்லாத்தையும் மாட்டியாச்சு, கல்யாண மாப்பிள்ள கணக்கா இருக்கீக. ரோடும் வந்தாச்சு. ஏறுங்க. கீழ பாக்காதீக, நேரா பாருங்க. மிதிங்க!

— விட்டுராத செல்வி!

— விடல, விடல. மிதிங்க.

— கல்லு வருது! கல்லு வருது!

— கல்லு எங்கயும் வரல, நீங்கதான் அதுகிட்டப் போறீக! ஒடிச்சுத் திருப்புங்க!

— திரும்பிட்டு! புடிச்சிருக்கியாட்டி?

— புடிச்சிருக்கேன், புடிச்சிருக்கேன்.

— பின்ன உன் சத்தம் ஏன் அங்க கெடந்து கேக்கு?

— கோதண்டம் அண்ணன் பக்கத்துல நிக்கேன்லா! நீங்களேதான் ஓட்டிட்டுப் போறீக!

— ஏ யம்மா! ஓட்டுதேன் செல்வி! நான் ஓட்டுதேன்! கோதண்டம், பாத்தீரா?

— அட்ரா சக்க! சூப்பர் சார்!

— எப்படி நிப்பாட்ட? இதுல ஸ்டாண்டு வேற இல்லயே!

— பிரேக்கப் புடிச்சு கால ஊணுங்க! நீங்கதான் ஸ்டாண்டு!

— நின்னுட்டேன். விழல பாத்தியா? முப்பத்தாறு வயசுல, ஒரு கீறல் இல்லாம! இன்னும் ரெண்டு நாள் ஓட்டுனேன்னு வையி, ஞாயித்துக்கிழமை ஒரகடத்துல ஒரு மிதி, வல்லக்கோட்டையிலதான் இறக்கம். ஜி.எம்.ம முந்திப் போயி கோயில் வாசல்ல நின்னு வணக்கம் வைக்கேன் பாரு.

— ஐயோ சார், அத்த மட்டும் செஞ்சிடாதீங்கோ.

— ஏன் ஓய்? ஓட்டத் தெரிஞ்சவன் முந்தத்தான செய்வான்?

— உங்க ஜி.எம். சைக்கிளோட நம்ம குட்டியானைலதான் சார் கோயில் வாசல் வரிக்கும் வருவாரு. அங்க அவரு ஏறி உக்காந்து போட்டோ புடிக்கறப்போ, சாயாம பின்னால புட்ச்சிக்கினு நிக்கறது இளம்பரிதி சாரோட வேல, இந்த வாரம் அவரு லீவாம்.