நான் மாட்டிய பம்ப்

ஆயில் பம்ப் வாங்கப் போகிறவர்கள் பெட்டி புதிதா என்றுதான் பார்ப்பார்கள். நான் உள்ளே இருக்கும் பல்சக்கரத்தைப் பார்ப்பேன், சார். வெளியே மினுக்குவதை வைத்து எஞ்சின் ஓடாது.

சாதாரண ஃபியட்டுக்கு எந்தப் பம்ப்பும் போதும். என் தங்கை புருஷன் தேவானந்தம் சோழவரம் ரேஸுக்குக் கட்டச் சொன்ன எஞ்சின் அப்படியல்ல. அது சுற்றுகிற வேகத்தில் ஆயில் கொஞ்சம் வரத் தாமதித்தாலும் பேரிங் உருகிவிடும். அதற்கென்று உயரமான பல்சக்கரம் போட்ட பம்ப் ஒன்றை நானே அலைந்து வாங்கினேன். திருமுடிவாக்கத்தில் என் ஷெட்டு மேஜைமேல் வைத்திருந்தேன்.

அப்போதுதான் தங்கை செல்வமேரி சாப்பாடு கொண்டுவந்தாள். வாயைப் புடவைத் தலைப்பால் மூடியிருந்தாள். விலக்கிப் பார்த்தேன். முன்பல் இரண்டு இல்லை. உதட்டில் தையல்.

"இன்னா ஆச்சு?"

"குழாயடில வழுக்கிட்டேண்ணா."

"குழாயடிக்குக் கை கீதா?"

"நீ உன் வேலையப் பாரு. ரேஸுல ஜெயிச்சார்னா அவரு சரியாப்பூடுவாரு."

என் வேலையைப் பார்த்தேன். புதுப் பம்ப்பைத் துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டு, ஒரு பழைய டாக்சியிலிருந்து கழற்றிப் போட்டிருந்த பம்ப்பை மாட்டினேன். தேய்ந்துபோன அதன் பல்லுக்கும் கூட்டுக்கும் நடுவே என் நகம் நுழைந்தது. ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்வரை ஆயில் அழுத்தம் காட்டும் மீட்டர் முள் நன்றாகவே நிற்கும். சூடேறி இளகினால்தான் விழும். எதற்கும் இருக்கட்டும், முள் இன்னும் உயரக் காட்டட்டும் என்று பம்ப்பின் வால்வு ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு வாஷரும் வைத்தேன். கிளம்பும்போது அவன் முள்ளைப் பார்ப்பான். குடிகாரன் என்றாலும் தொழில் தெரிந்தவன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சின் கட்டினவன்தான் முதல் ஓட்டத்தில் பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும். உட்காராதவனை நம்பி எவனும் வண்டி விடமாட்டான். நான் கட்டி, நான் உட்காராத வண்டி கிடையாது. இந்த வண்டியின் முதல் ஓட்டத்தன்று காலை மட்டும் காய்ச்சல் என்றேன்.

தேவானந்தம் கை தட்டிச் சிரித்தான். "மச்சானுக்கு சொந்த எஞ்சின்ல குந்தவே பேஜாராகீதாம்பா! பொம்பள குந்துவா, நீ போய் கஞ்சி குடி. ஏ மேரி, ஏறு."

வண்டிமேல் தெளிப்பதற்கு மாதா கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்திருந்தாள் அவள். பாட்டிலோடு ஏறினாள். ஏறும்போது அவளும் சிரித்தாள், சார். அந்தப் பல் போன வாயோடு, அவனோடு சேர்ந்துகொண்டு.

"இன்னாண்ணா, பயந்துகினியா?"

கதவு சரியாகச் சாத்தவில்லை. நான் போய் அழுத்திச் சாத்தினேன்.

வண்டலூர் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் பேரிங் உருகி, கனெக்டிங் ராடு எஞ்சினைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. சக்கரம் இறுகி, வண்டி திரும்பி, எதிரே வந்த செங்கல் லாரிக்குள் போய்விட்டது. சேதி வந்து நான் போனபோது ஸ்டியரிங் அவன் நெஞ்சுக்குள் இருந்தது. கடப்பாரை போட்டுத்தான் பிரித்தார்கள். எனக்கு வண்டி தெரியும் என்பதால் நானே நெம்பிக் கொடுத்தேன். செல்வமேரிக்குக் கடப்பாரை தேவைப்படவில்லை. கண்ணாடி வழியாக வெளியே வந்து லாரிச் சக்கரத்துக்கு அடியில் கிடந்தாள். முகம் என்று ஒன்றும் மிச்சமில்லை. வளையலைப் பார்த்து அடையாளம் சொன்னேன்.

பழைய பம்ப்பை மாட்டியது நான்தான். புதியது என் ஷெட்டு அலமாரியில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

அவளை ஏன் இறக்கிவிடவில்லை என்று கேட்கிறீர்கள். இறக்கியிருந்தால் அவனுக்குச் சந்தேகம் வந்திருக்கும். பம்ப்பைக் கழற்றிப் பார்த்திருப்பான். அந்தக் கோபத்தையும் வீட்டுக்குப் போய் அவள்மேல்தான் காட்டியிருப்பான். எல்லாமே அவளுக்காகச் செய்ததுதான், சார். இனி ஒருத்தனும் என் தங்கச்சிமேல் கை வைக்க முடியாது.