மாமனைத் தாண்டிப் போகும் பந்து

இந்த அவையின் தலைவராகவும், தேவமலைத் தோட்டத்து உதைபந்தாட்டக் கழகத்தின் தலைவராகவும், அதன் அணித்தலைவராகவும், அணியின் பயிற்சியாளராகவும், ஆடுகளத்தின் நட்ட நடுவே நின்று ஆட்டத்தை நடத்தும் நடு ஆட்டக்காரராகவும் ஒருங்கே விளங்கி, இத்தனை பாரத்தையும் ஒரே இடுப்பில் தாங்கி, இப்போது அந்த இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய செல்லசாமி கங்காணி ஐயா அவர்களே, மஸ்கெலியா கடைவீதியிலிருந்து இந்த ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து, அது அவ்வப்போது ஊளையிட்டாலும் மனம் தளராமல் பக்கத்திலேயே நிற்கும் முதலாளி சிதம்பரநாதன் அவர்களே, மழைக்கும் அட்டைக்கும் அஞ்சாது இந்த மலையைப் பசுமையாக்கிய பெரியோர்களே, வாரமெல்லாம் கொழுந்தெடுத்த கைக்கு ஓய்வு தர வேண்டிய ஞாயிற்றுக்கிழமையில், பிள்ளையை இடுப்பிலும் விறகைத் தலையிலும் வைத்தபடியே வந்து நிற்கும் தாய்மார்களே, மேல் லயத்து வாலிபர்களே, கீழ் லயத்துக் காளையர்களே, உங்கள் அனைவருக்கும் என் சிரம் தாழ்ந்த வணக்கம்.

நான் முத்துலிங்கம். நம் அணியின் கோல் காவலன். பல வருடங்களாக அந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவே நின்று, உங்கள் பிள்ளைகளின் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பவன். முகத்தைப் பார்ப்பவனுக்குத் தெரியாதது முதுகைப் பார்ப்பவனுக்குத் தெரியும். அந்த உரிமையில்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

தோற்றோம். கல்மலைத் தோட்டத்தாரிடம் தோற்றோம். அட்டன் நகரத்து அணியிடம் தோற்றோம். வெயிலில் தோற்றோம், பனியில் தோற்றோம், எதிரணியில் ஆள் குறைந்த நாளிலும் குறைவின்றித் தோற்றோம். ஏன் தோற்றோம்? காலில் வலு இல்லையா? இந்த மலையில் ஏறி இறங்கும் காலைவிடவா வலுவான கால் வேண்டும்? நெஞ்சில் மூச்சு இல்லையா? முகில் தொடும் மலையில் முழு நாளும் மூச்சு வாங்காமல் வேலை செய்கிறோமே. பிறகு ஏன்?

என்ன காளியாயி அக்கா? சத்தமாகச் சொல்லுங்கள். "போன தடவை ஒன் காலுக்கு நடுவுல பந்து போச்சே, அதுவும் முதுகப் பாத்துக்கிட்டிருந்ததாலதானா?" என்று கேட்கிறார். சிரியுங்கள், சிரியுங்கள். அதற்கும் வருகிறேன் அக்கா. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்மலையாரோடு நடந்த ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். நம் அழகுமுத்து இருக்கிறானே, வேலாயி அக்காவின் மகன், அதோ அந்தச் சவுக்கு மரத்தடியில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான், அவன் காலில் பந்து. ஒருவனைத் தாண்டினான், இன்னொருவனைத் தாண்டினான், கல்மலையின் கோல் காவலன் வழுக்கி விழுந்து சேற்றில் கிடக்கிறான். எதிரே வெறும் கம்பம். ஊதினால்கூடப் பந்து உள்ளே போய்விடும். நம் பிள்ளை என்ன செய்தான்? நின்றான். திரும்பினான். பின்னால் பார்த்தான். ஏன்? பின்னால் அவனுடைய தாய்மாமன், நம் தலைவர், "டேய், இங்க குடு" என்று கூப்பிட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தார். வந்துகொண்டிருந்தார். இன்னும் வந்துகொண்டிருந்தார். மாமன் வந்து சேர்வதற்குள் கல்மலையான் எழுந்து, முகத்தைத் துடைத்து, சட்டையைச் சரிசெய்து, கம்பத்திலும் போய் நின்றுவிட்டான்.

ஆட்டம் முடிந்ததும் நான் அழகுமுத்துவைப் பிடித்தேன். "ஏன்டா அடிக்கல?" என்றேன். அவன் சொன்னான், "அதெப்படிண்ணே, மாமா கேக்குறாரு. பந்தியில மாமா கை நனைக்காம நான் சாப்புட்டுருவனா?"

இதுதான் அன்பர்களே, இதுதான் நம் நோய். நாம் பந்து விளையாடவில்லை. பந்தி பரிமாறுகிறோம். மாரியம்மன் திருவிழாவில் முதல் திருநீறு யாருக்கோ அவருக்கே முதல் பந்து. பெரியவர் கேட்டால் சிறியவன் கொடுக்க வேண்டும். சிறியவன் கேட்கவே கூடாது, ஏனென்றால் மாமனைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது, சித்தப்பாவை அதட்ட முடியாது, பெண் கொடுத்த வீட்டாரை முழங்கையால் இடிக்க முடியாது. நம் அணியில் யாரைத் தொட்டாலும் ஓர் உறவுமுறை வந்து நிற்கிறது. இதைக் கல்மலையான் கண்டுபிடித்துவிட்டான். மற்ற எல்லாரையும் விட்டுவிட்டு மாமாவுக்கு மட்டும் இரண்டு ஆளைக் காவல் போட்டான். ஆட்டம் முடிந்தது.

தலைவர் அவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த அணியை உண்டாக்கியவர் நீங்கள். தோட்டத்துத் துரையிடம் போய் நின்று இந்த மைதானத்தைக் கேட்டு வாங்கியவர் நீங்கள். பந்து கிழிந்தால் உங்கள் கையால் தைத்தவர் நீங்கள். அதை மறந்தால் எங்கள் நாக்கு அழுகிப் போகும். அந்த நன்றி நெஞ்சில் இருப்பதால்தான் இதை உங்கள் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நின்று பேசாமல், உங்கள் முகத்துக்கு நேரே, ஒலிபெருக்கி வைத்துப் பேசுகிறேன்.

இது ஐயாவுக்கும் தெரியாமல் இல்லை. போன மாரியிலேயே, "எனக்கு முடியல, வேற ஒரு மாஸ்டரப் பாருங்கப்பா" என்று சொன்னவரே அவர்தான். நாங்களும் பார்த்தோம். அட்டன் நகரில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் சுந்தரலிங்கம் மாஸ்டரை அழைத்து வந்தோம். நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர். வெள்ளைக் காற்சட்டையோடு மைதானத்தில் இறங்கினார். இறங்கியவுடன் என்ன செய்தார்? நம் ஐயாவைப் பார்த்து, "ஓடுங்க பாப்போம், ஆமை மாதிரி நடக்குறீங்க" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். நம் பிள்ளைகள் முரண்டு பிடித்தார்களா? இல்லை. முறைத்தார்களா? இல்லை. மூச்சு விடாமல் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். மாமாவை ஒரு சொல் சொன்னவர் ஊதும் விசிலுக்கு ஒருவனும் எழவில்லை. பிறகு மரியாதையாகத் தேத்தண்ணி கொடுத்து, பஸ் ஏற்றி, கை கூப்பி வழியனுப்பி வைத்தார்கள். அவரும் ஜன்னல் வழியாகக் கை கூப்பினார். அந்தக் கை கூப்பலின் பொருள் எனக்கு நன்றாகவே விளங்கியது.

இப்போது வந்திருக்கும் ஆபத்தைச் சொல்கிறேன். வேலாயி அக்கா, மன்னித்துக்கொள்ளுங்கள், இது உங்கள் வீட்டு விஷயம், ஆனால் ஊர் விஷயமும் ஆகிவிட்டது. அட்டன் அணியார் அழகுமுத்துவைக் கேட்டிருக்கிறார்கள். நடு ஆட்டக்காரனாக, அந்த அணியின் அச்சாணியாக, வா என்று கூப்பிடுகிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை அவன் பதில் சொல்ல வேண்டும். போனால் நம்மிடம் எஞ்சுவது என்ன? வேகம் போய்விடும், விவேகம் போய்விடும், விளையாட்டே போய்விடும். அதைவிடக் கொடுமை, அடுத்த ஆட்டத்தில் அவன் நமக்கு எதிரே நிற்பான். அங்கே அவனுக்கு மாமன் இல்லை. யாரையும் திரும்பிப் பார்க்காமல் அடிப்பான். அந்தப் பந்துக்கு முன்னால் நிற்கப் போகிறவன் நான்.

போக ஆசையா என்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "போக மனசில்லண்ணே. நம்ம மண்ணுல பொறண்டு பழகிட்டேன். ஆனா இங்க நான் ஓடுறதே மாமாகிட்ட பந்தக் கொண்டுபோய்க் குடுக்கத்தானே. ஒரு தடவையாச்சும் நானா ஆடிப் பாக்கணும்." இதைச் சொல்லும்போது அந்தப் பிள்ளையின் குரல் உடைந்துவிட்டது.  

அப்படியானால் வழி என்ன? மாமனை அதட்ட ஒரு மனிதன் வேண்டும். அதட்டினால் மருமக்கள் கோபிக்கக் கூடாது. அப்படி ஒருவர் இந்தத் தோட்டத்தில் இருக்கிறாரா?

மாசி மாதத்தை நினைத்துப் பாருங்கள். காமன் கூத்துக்குக் காப்புக் கட்டி, இதே மைதானத்தில் பிள்ளைகள் ஆடப் பழகினார்களே. நம் ஐயாதான் ஈசன் வேடம். தாளம் ஒரு பக்கம், ஐயாவின் கால் ஒரு பக்கம். அப்போது கூத்துப் பழக்கும் காமன் மாஸ்டர் சோலைமலை என்ன செய்தார்? கையிலிருந்த குச்சியால் ஐயாவின் கெண்டைக்காலில் ஒரு தட்டுத் தட்டி, "ஏய் செல்லசாமி, காலு எங்கடா போகுது? திரும்ப ஆடு" என்றார். ஐயா என்ன சொன்னார்? "சரிங்க மாஸ்டர்" என்றார். மருமக்கள் யாராவது புல்லில் உட்கார்ந்தார்களா? ஒருவரும் இல்லை. மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க அதே சோலைமலை தாமதமாக வந்தார். ஐயா அதட்டினார். சோலைமலை "சரிங்க கங்காணி" என்றார். இருவர் மனதிலும் ஒரு துளி கசப்பு இல்லை.

ஏன் இல்லை? காப்பு. கையில் கட்டிய அந்த மஞ்சள் கயிறு. அது இருக்கும்வரை அங்கே மாமன் இல்லை, மச்சான் இல்லை, கங்காணி இல்லை, கூலி இல்லை. ஈசன் உண்டு, ரதி உண்டு, மன்மதன் உண்டு, அவரவர் நிற்க வேண்டிய இடம் உண்டு. காப்பை அவிழ்த்த மறு கணம் எல்லா முறையும் பத்திரமாகத் திரும்பி வந்துவிடும். நம் கையிலேயே இவ்வளவு நல்ல வழி இருக்க, நாம் அட்டனுக்கு பஸ் ஏறிப் போய் ஆள் தேடினோம்.

ஆகவே முன்மொழிகிறேன். நம் அணியின் புதிய பயிற்சியாளர், காமன் மாஸ்டர் சோலைமலை. நம் அணியின் புதிய நடு ஆட்டக்காரன், அழகுமுத்து. வரும் வெள்ளிக்கிழமை மாரியம்மன் சந்நிதியில் ஆடுகிற அத்தனை பேருக்கும் காப்பு. போட்டிகள் முடியும்வரை, கோட்டுக்கு உள்ளே எல்லாருக்கும் பெயர் மட்டும்தான்.

அங்கே யார்? "சோலைமலைக்குப் பந்தாட்டம் தெரியுமா?" என்கிறீர்கள். தெரியாது. ஒரு மண்ணும் தெரியாது. பந்தாட்டம் தெரிந்தவர்கள் நம்மிடம் நிறைய இருக்கிறோம், நம் நிலைமையைத்தான் பார்க்கிறீர்களே. தெரியாததை அழகுமுத்து சொல்லிக் கொடுப்பான். அதட்டுவதை மாஸ்டர் பார்த்துக்கொள்வார்.

உறவுகளே, ஒன்று சொல்கிறேன், அமைதியாகக் கேளுங்கள். இந்த நாட்டை யார் ஆள்வது என்று சொல்லும் உரிமையை நம்மிடமிருந்து எடுத்துவிட்டார்கள். தேர்தல் நாளில் நாம் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறோம். இந்த மலையை உண்டாக்கிய நமக்கு இந்த மலையில் ஒரு வாக்குச் சீட்டு இல்லை. இருக்கட்டும். அதற்கும் ஒரு நாள் வரும். ஆனால் இந்தத் தோட்டத்து மைதானத்தில் யார் நடுவே நிற்பது என்று சொல்ல நமக்கு யார் தடை? துரை தடையா? சட்டம் தடையா? நம் கூச்சம் மட்டும்தான் தடை. தகுதியுள்ளவனை நடுவே நிறுத்தத் தெரிந்தவர்கள் நாம் என்று இந்த ஒரு மைதானத்திலாவது காட்டுவோம். சம்மதமானால் கையைத் தூக்குங்கள். பிள்ளையை வைத்திருக்கும் தாய்மார்கள் பிள்ளையின் கையைத் தூக்கினாலும் போதும்.

தூக்கிவிட்டீர்கள். ஆனால் தலைவரின் கை இன்னும் மடியில் இருக்கிறது. ஐயா, உங்கள் கை உயராவிட்டால் எங்கள் கைகளும் இறங்கிவிடும். அதுதான் எங்கள் நோய் என்று முதலிலேயே சொன்னேன்.

எழுகிறார். பின்னால் நிற்பவர்களுக்குத் தெரியவில்லையாம், சொல்கிறேன். ஐயா கழுத்திலிருந்த விசிலைக் கழற்றுகிறார். இறங்கிப் போகிறார். சோலைமலையின் கழுத்தில் போடுகிறார். "இனிமே நீங்க பாத்துக்கங்க மாஸ்டர்" என்கிறார். வேலாயி அக்கா, முந்தானையை எடுக்காதீர்கள். உங்களைப் பார்த்து எல்லாரும் ஆரம்பித்துவிடுவார்கள்.

மாஸ்டர் ஏதோ சொல்கிறார். "அழகுமுத்து, இங்க வா. ஒம் மாமன இப்பப் பேர் சொல்லிக் கூப்புடு பாப்போம்." பிள்ளைக்கு வியர்க்கிறது. கூப்பிடப்பா, பந்து உன் காலில் இருப்பதாக நினைத்துக்கொள். கூப்பிட்டுவிட்டான். "செல்லசாமி" என்றான். கேட்டதா? பிறகு, யாருக்கும் கேட்காதபடி, "மாமா" என்றும் சேர்த்துக்கொண்டான். பரவாயில்லை, இன்னும் காப்புக் கட்டவில்லை. ஐயா அவன் முதுகில் தட்டிக் கொடுக்கிறார். அழகுமுத்து, ஞாயிற்றுக்கிழமை அட்டன் பஸ்ஸா? தலையை ஆட்டுகிறான். இல்லை என்கிறான். அவன் இங்கேதான்.

மாஸ்டர் இன்னும் ஏதோ சொல்ல வேண்டுமாம். மேடைக்கே வருகிறார். சொல்லுங்கள் மாஸ்டர், ஒலிபெருக்கியில் நான் சொல்லிவிடுகிறேன்.

"செல்லசாமி நல்ல ஒசரம். நின்னா நவுறாது. கோல் கம்பத்துல நிப்பாட்டலாம்." அருமை, அருமையான யோசனை. "முத்துலிங்கம் வெளிய."

சிரியுங்கள் அன்பர்களே. காளியாயி அக்கா, அதற்கும் வருகிறேன் என்று சொன்னேன் அல்லவா, அதுவாகவே வந்துவிட்டது. ஒரு மணி நேரமாக அடுத்தவர் இடத்தை விட்டுக்கொடுக்கச் சொன்னவனுக்கு, தன் இடம் போகும்போது நெஞ்சு வலிக்கத்தான் செய்கிறது. அந்த இரண்டு கம்பமும் எனக்கு வீடு மாதிரி. ஆனால் இங்கே நின்றுகொண்டு நான் வேறென்ன சொல்ல முடியும்?

சரிங்க மாஸ்டர்.

இத்தனை நாள் உங்கள் பிள்ளைகளின் முதுகைப் பார்த்தேன். இனிக் கோட்டுக்கு வெளியே, உங்களோடு நின்று, அவர்கள் முகத்தைப் பார்க்கப் போகிறேன். பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், கைக்குழந்தையின் கையையும் தூக்கிய தாய்மார்களுக்கும், ஊளையிட்டாலும் கடைசிவரை ஒத்துழைத்த ஒலிபெருக்கிக்கும் நன்றி சொல்லி, என் இடத்தில் நிற்கப் போகும் செல்லசாமி ஐயாவைக் கை கூப்பி வணங்கி அமர்கிறேன். வெள்ளிக்கிழமை கோயிலில் சந்திப்போம். வணக்கம்.