வெறுமையாக விடவேண்டிய அறை

புதிய ரிவால்வர்களைப் பற்றி நான் குறை சொல்பவன் அல்ல. இரும்பு நல்லது. இருபத்தைந்து மீற்றரில் சுட்டால் என்னுடைய பழையதைவிடக் குறி தப்பாது. இதை அந்தப் பொலிஸ் அதிகாரிக்கு அப்படியே மொழிபெயர்த்துச் சொல்லுங்கள், மஹதி. எனக்கு இங்கிலீஷ் வரும். முப்பது வருடம் இந்த நாட்டில், ஹென்டர்சனில் லேத் வேலை செய்தவன். ஆனாலும் இப்படியான விஷயங்களைத் தமிழில் சொன்னால்தான் பிசகாது.

என்னுடையது எனக்கும் மூத்தது. அதன் உறுப்புகளை யாரோ ஒருவர் கையால் ராவி, ஒன்றோடொன்று பொருத்தியிருக்கிறார். தோட்டாவின் பின்பக்கத்தில் அடிக்கும் ஹாமரைப் பின்னுக்கு இழுத்தால் வெண்ணெயில் கத்தி போவதுபோல் வரும். புதியவற்றில் விளிம்பு விரலை உரசும், விசை மணலில் இழுபடும். ஆனால் அவற்றில் ஒரு நன்மை உண்டு. விசையை அழுத்தாதவரை ஹாமர் தோட்டாவைத் தொடாதபடி உள்ளே ஒரு தடை வைத்திருக்கிறார்கள். கீழே விழுந்தாலும் வெடிக்காது. பழையதில் அது இல்லை. ஹாமரின் முனை தோட்டாவின் மேலேயே கிடக்கும். அதனால் பழையது வைத்திருப்பவர்கள் ஆறு அறைகளில் ஐந்தில்தான் தோட்டா போடுவார்கள். ஹாமருக்கு நேரே உள்ள அறை வெறுமையாக இருக்கும்.

றொய்ஸ்டனைத் துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்த்துவிட்டவன் நான்தான். யாழ்ப்பாணத்துப் பெடியன், நாற்பது வயது, தகனினியில் வீடு. சனிக்கிழமைகளில் மனுரேவாவில் என் வீட்டுக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டு போவான். அவனுடையது புத்தம் புதியது.

"தவராசா அண்ணை, உங்கட சாமானை மியூசியத்துக்குக் குடுத்தா டிக்கெட் போட்டுக் காட்டுவாங்கள்" என்பான்.

"உன்ரது தண்ணிப் பைப். திறந்தா வரும், அவ்வளவுதான்" என்பேன்.

இந்த வருடம் என் துப்பாக்கி லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ரிவால்வரைக் கொடுத்துவிட வேண்டியதுதான். என்னை நன்றாகத் தெரிந்த ஒருவரை லைசென்ஸ் பகுதி ஆட்கள் விசாரிப்பார்கள். நான் றொய்ஸ்டனின் பெயரைக் கொடுத்தேன். அதற்கு அடுத்த கிழமை காரில் வைத்துக் கேட்டான்.

"அண்ணை, கை கொஞ்சம் நடுங்குதோ?"

"குளிர்."

"ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுங்கோவன்."

அன்பாகத்தான் சொன்னான். அன்பாகச் சொல்பவர்களை நான் கவனமாகப் பார்ப்பேன். பிறகு ஒருநாள் கிளப் செயலாளரோடு கதைத்துக்கொண்டு நின்றவன், என்னைக் கண்டதும் நிறுத்தினான். ஞாயிறு பூசை முடிந்து தேவாலயத்துக்கு வெளியே வரும்போது அவன் மனைவி சுதர்ஷிகா, "அண்ணை, இப்ப சுகமோ?" என்று கேட்டாள். அந்த 'இப்ப' மூன்று கிழமை என்னோடு இருந்தது. சும்மா விசாரிப்பவர் 'இப்ப' என்று சொல்லமாட்டார். என் கையைப் பற்றி வீட்டில் சொன்னவன் லைசென்ஸ் ஆட்களிடமும் சொல்வான்.

எங்கள் கிளப்பில் துப்பாக்கியைக் கீழே போட்டவரை உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். விழுந்தது வெடித்துவிட்டால் பல மாதத் தடை, எழுத்தில் அறிக்கை. அப்படிப்பட்டவர் இன்னொருவருடைய கையைப் பற்றிச் சொன்னால் யார் கணக்கில் எடுப்பார்கள்? நான் யோசித்தது இவ்வளவுதான்.

போன சனிக்கிழமை அவனே கேட்டான். "உங்கட கிழவியை ஒருக்காத் தாங்கோ, சுட்டுப் பாப்பம்." கொடுத்தேன். அவன் இடுப்பில் கட்டியிருந்த உறை அவனுடைய பருத்த ரிவால்வருக்கு அளவெடுத்தது. என்னுடையது அதற்குள் ஆடியது. பார்த்தேன். தோட்டா நிரப்பும் மேசையில் எண்ணிச் சரிபார்ப்பது என் பொறுப்பு. அந்த நேரம் காற்றின் திசை காட்டும் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று பொலிஸாரிடம் அன்றைக்குச் சொன்னேன். அது சரியல்ல.

தோட்டா வாங்க அவன் உள்ளங்கையை நீட்டினான். "அண்ணை, உங்கடதுக்கு அஞ்செல்லோ?"

"இது திருத்தினது. ஆறும் போடலாம்" என்றேன்.

போட்டான். நான் சொன்னதை அவன் ஒருபோதும் திருப்பிக் கேட்டதில்லை.

அந்தச் சுற்றில் முழந்தாளிட்டுச் சுடவேண்டும். குனிந்தபோது உறையிலிருந்து நழுவியது. சீமெந்தில் ஹாமர் பக்கமாக விழுந்தது. ஒரு வெடிச் சத்தம். குண்டு அவன் தொடைக்குள்ளால் மேலே போய்விட்டது. என் பெல்ட்டைக் கழற்றி இறுக்கிக் கட்டினேன், அதை எல்லோரும் பார்த்தார்கள். அவன் என்னைப் பார்த்து, "ஆறும் போடலாமெண்டெல்லோ சொன்னீங்கள், அண்ணை" என்றான். கோபமில்லை. விளங்காத கணக்கைக் கேட்பதுபோலத்தான் கேட்டான். சுற்றி நின்ற ஒருவருக்கும் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறான் என்று கேட்டார்கள். தண்ணீர் கேட்கிறான் என்றேன். அம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

பக்கத்தில் நின்றவரின் தொப்பியில் கமரா இருந்ததை நான் யோசிக்கவில்லை. அதில் பதிவான அவன் பேச்சைக் கேட்டு மொழிபெயர்த்தது நீங்கள்தான் என்று தெரியும், மஹதி. உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். ஆறு போட்டால் என்ன நடக்கக்கூடும் என்று தெரிந்துதான் கொடுத்தேன். அவனைக் கொல்ல நினைக்கவில்லை. அவன் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போனால் போதும் என்றுதான் நினைத்தேன். அந்த அதிகாரி இன்னொரு தடவை அந்த வீடியோவைப் போட்டுப் பார்க்கட்டும். ஆறு தோட்டாக்களையும் ஒவ்வொன்றாக அவன் உள்ளங்கையில் வைக்கிறேன். என் கை நடுங்குகிறதா என்று பார்த்து, லைசென்ஸ் பகுதிக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள்.