டொக்டர் அருந்ததியின் பையில் இருந்த மருந்து

எனது பெயர் ஒஸ்வால்ட் நிக்கலஸ். வயது 64. முகவரி, ஜம்பட்டா வீதி, கொட்டாஞ்சேனை. துறைமுகத்தில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவன். என் குரலைக் கேட்டுக் கப்பல்கள் திசை மாறியதுண்டு. இன்று தடுத்துவைக்கப்பட்ட டொக்டர் அருந்ததி குறித்து நானாகவே இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்து சொல்கிறேன்.

இன்று காலை வெள்ளவத்தையில் என் மச்சான் ஹியூபேட்டின் வீட்டில் சோடாப் போத்தல் வெடித்து என் வலது உள்ளங்கை கிழிந்து, இரத்தம் இந்து சமுத்திரமாய்ப் பாய்ந்தது. அதன் பின் ஹியூபேட் என்னை டொக்டரின் கிளினிக்குக்குக் கூட்டிச்சென்றார். டொக்டர் லிக்னோகெயின் என்ற மருந்தை ஊசியால் போட்டுக் கையை மரக்கச்செய்து தைக்கத் தொடங்கினார். அப்போது ஹியூபேட் நெஞ்சைப் பிடித்தபடி விழுந்தார். இரத்தம் கண்டு மயங்கிவிட்டார் என்று நான் சிரித்தேன். டொக்டர் ஈசிஜி வயர்களை மாட்டிய பின் டொக்டரின் முகம் மாறியதைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினேன். அதன் பின் டொக்டர் அதே மருந்தின் புதுப் போத்தலைத் திறந்து ஹியூபேட்டின் நரம்பில் ஏற்றப்போனார்.

"ஐயோ பிள்ளை, அது மரக்கிற மருந்தெல்லோ! மச்சானிட இதயம் மரத்துப்போயிடும்!" என்றேன்.

"அங்கிள், வாயை மூடுங்கோ. சதைக்குள்ள போட்டா மரக்கும். நரம்புக்குள்ள போட்டா கண்டபடி அடிக்கிற இதயத்தை அடக்கும்" என்றார்.

மருந்து ஏறியதும் ஈசிஜி காகிதத்தில் வெறிபிடித்தோடிய கோடு ஒழுங்குக்கு வந்தது. ஹியூபேட் கண் திறந்து, "என்ர செருப்பு எங்க மச்சான்?" என்றார்.

மீண்டும் துடிப்புக் குழம்பினால் தேவை என்று மிச்சப் போத்தல்களைப் பையில் வைத்துக்கொண்டு, டொக்டர் எங்களுடன் திரீவீலரில் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். காலி வீதிச் சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் பையைத் திறந்து, "மே மொனவாத?" என்று இவை என்னவென்று கேட்டார். டொக்டர் இதய மருந்து என்றார். அதே நொடியில் நான் கையைத் தூக்கிக்காட்டி, என் கம்பீரச் சிங்களத்தில், காயம் தைக்கிற மருந்து என்றேன். ஒரு பைக்கு இரண்டு பதில்; டொக்டரின் அடையாள அட்டையிலோ யாழ்ப்பாணம். சண்டை நடக்கும் வடக்குக்கு மருந்து கடத்துகிறார் என்று டொக்டரை மட்டும் இறக்கினார்கள். ஹியூபேட்டையும் என்னையும் போகவிட்டார்கள். அவர் இப்போது வார்டில் உயிரோடு இருக்கிறார். அங்குள்ள எந்த டொக்டரைக் கேட்டாலும் இரண்டு பதிலும் சரி என்பார்.

என் கையில் தையல் பாதியில் நிற்கிறது. மரப்பு விட்டுவிட்டது. வேறு டொக்டரைக் கூப்பிடவா என்று சார்ஜன்ட் கேட்டார். வேண்டாம் என்றேன். தொடங்கியவர் வெளியே வந்து முடிக்கும்வரை நான் இருக்கும் இந்த வாங்கிலிருந்து எழும்பமாட்டேன்.

மேற்கண்டவை தமிழில் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. நடந்தது நடந்தபடியே உள்ளது என ஏற்று இடது கையால் ஒப்பமிடுகிறேன்.

ஒ. நிக்கலஸ்