காய்ச்சலுக்குப் பணம் வராது

1984 ஜூன் 14, வியாழன், காலை ஒன்பது நாற்பது. மேகமூட்டம், புழுக்கம். திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் டிக்கெட் எடுத்து முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். டிரைவரின் ஜன்னலருகே அவருடைய அக்கா மகள் வந்து நின்றாள். ஆஸ்பத்திரி ஒன்றில் பில் எழுதப் பழகுகிறவள் என்று பேச்சில் தெரிந்தது.

"மாமா, உங்க காய்ச்சலுக்கு உங்க ஆபீஸ்ல பணம் தர மாட்டாங்க. வேற வியாதி சொல்லுங்க."

"எனக்கு வந்தது காய்ச்சல்தானேம்மா? வேற இன்னா சொல்றது?"

"காய்ச்சலுக்கு யாரு மாமா வார்டுல படுப்பாங்க? பில்லு திரும்பி வந்துடும். இது பாஸானாதான் எனக்கு வேலைன்னு மேனேஜர் சொல்லிட்டாரு."

"அப்ப நீயே ஒண்ணு பார்த்துப் போடு."

"தலைசுத்தல்னு போடறேன். அப்பப்ப கண்ணு இருட்டிக்கிட்டு வரும். அஞ்சு நாள் வார்டுல இருந்தீங்க."

"ஏழு நாளாப் போடேன், ஜாஸ்தி வரும்ல?"

"பேராசையப் பாரு! அப்புறம் நீங்க பஸ் ஓட்டலாமான்னே கேப்பாங்க."

டிரைவர் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். அத்தனையும் பொய் என்று என் காதாலேயே கேட்டிருந்தேன். இருந்தும் இறங்கிவிட்டேன். என்னையே நம்பவைத்த பில் ஆபீசில் பாஸாகாமல் போகாது. அந்தப் பெண்ணுக்கு வேலை நிச்சயம். அடுத்த பஸ்ஸில் மறுபடி டிக்கெட் எடுத்தேன். ஒரே ஊருக்கு இரண்டு டிக்கெட், மொத்தம் மூன்று ரூபாய் இருபது பைசா.