அடுப்புக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவர்

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவர்களே, பயிற்சிக்கூடத் தோழர்களே, மீண்டெழுந்து இங்கே வந்திருக்கும் நண்பர்களே, அவர்களைத் தாங்கி நிற்கும் குடும்பத்தாரே! என் தொண்டைக்கு மைக் தேவையில்லை, கொடுத்துவிட்டார்கள், வைத்துக்கொள்கிறேன்.

நம்மை விட்டுப் பிரிந்தவர் யார்? மூளையில் அடிபட்டவர்களை அன்றாட வாழ்க்கைக்குத் திருப்பிய தலைமைச் சிகிச்சையாளர். அது அவர் பதவி. நமக்கு அவர் ஸ்க்ரூடிரைவர் அக்கா! கைப்பையில் சீப்பு இருந்ததோ இல்லையோ, அது இருந்தது. நான் அவருடைய பயிற்சிக்கூடத்தில் எலக்ட்ரீஷியன். நான் மாட்டியதைக் கழற்றிப் பார்ப்பதே அவருக்குப் பொழுதுபோக்கு!

லாரி ஓட்டுநர் ஒருவர் வந்தார். விபத்தில் தலையில் அடி. நடப்பார், பேசுவார், அடுப்பைப் பற்றவைத்தால் அதோடு மறந்துவிடுவார். பாத்திரம் கருகி, திரைச்சீலையிலும் தீ பிடித்தது. அவர் மனைவி அழுதார்: "இவரைத் தனியா விட்டுட்டு எப்படிக்கா வேலைக்குப் போவேன்? வேலையையே விட்டுடவா?"

அக்கா விடுவாரா! அடுப்பு எரியும்போது ஆள் நகர்ந்தால் பேசும் பெட்டி ஒன்று செய்தோம். "தயவுசெய்து அடுப்பை அணைக்கவும்" என்றது, அக்காவின் குரலில். ஓட்டுநர் அதை ரேடியோ என்று நினைத்துச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்! சரி என்று மனைவியின் குரலைப் பதிந்தோம். "அவ தினமும் சொல்றதுதானே" என்று அசையாமல் உட்கார்ந்திருந்தார். மனைவியே சிரித்துவிட்டார்.

பிறகு என்ன செய்தார் அக்கா? ஓட்டுநரையே மைக் முன்னால் உட்காரவைத்தார். "உங்க கிளீனரை அதட்டற மாதிரி உங்களையே அதட்டுங்க" என்றார். அவரும் அதட்டினார்: "டேய், அடுப்ப அணைடா!" அடுத்த முறை பெட்டி அப்படியே அதட்டியது. மனுஷன் துள்ளி எழுந்து அணைத்தார்! ஏன் என்று கேட்டோம். "நானே சொல்லிட்டேன், கேக்காம இருக்க முடியுமா?" மகிழ்ச்சியில் அக்கா என் முதுகில் ஓங்கி வைத்தாரே ஓர் அடி, அப்பப்பா!

அன்றிலிருந்து எங்கள் கூடத்தில் எந்தக் கருவியும் அடுத்தவர் குரலில் பேசியதில்லை. மறதி வந்தவருக்கு மரியாதை போய்விடுமா? போகக் கூடாது என்று எங்களோடு சண்டை போட்டவர் அக்கா!

இனி அவர் இல்லை. ஆனாலும் கூடத்தைப் பூட்டமாட்டோம். நாளைக் காலை ஒரு டீச்சரம்மா வருகிறார். ஒரே கையால் சட்டைப் பொத்தான் போட வேண்டுமாம். போடவைப்போம், இது உறுதி!

இதோ, கடைசி வரிசையில் நீலச் சட்டைக்காரர் எழுந்து நிற்கிறாரே, அவர்தான் அந்த ஓட்டுநர். இரண்டு பஸ் மாறித் தனியாக வந்திருக்கிறார். மனைவி எங்கே என்று தேடுகிறீர்களா? வேலைக்குப் போயிருக்கிறார்!